தலைமுறைக்கும் நிற்கும் ரிவால்வர்: திருப்பதி, சித்தூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறைக் கையேடு

வாழ்த்துகள். ரிவால்வர் வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். யாரையும் சுடுவதற்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு டப்பாவை அடுக்கி வைத்துக் குறி பார்ப்பதற்கு. வெறும் பொழுதுபோக்கு. "விலை முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, நாள்பட உழைக்கணும்" என்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். சித்தூரில் மாம்பழக்கூழ் வியாபாரம் செய்யும் என் மாமாவிடம் இருபத்திரண்டு வருடமாக ஒரு ரிவால்வர் இருக்கிறது. இதுவரை ஒன்பது முறை சுட்டிருக்கிறார். அதில் இரண்டு தெரியாமல் வெடித்தவை. அந்த அனுபவம் முழுவதையும் படிப்படியாக உங்களுக்குத் தருகிறேன். பாதிப் படியை நீங்கள் ஏற்கெனவே ஏறியிருப்பீர்கள். மீதியில் நான் ஏற்றிவிடுகிறேன்.

1. முதலில் ஒரு எதிரியைத் தேடுங்கள்

லைசென்ஸுக்கு மனு போடும் இடம் கலெக்டர் ஆபீஸ். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம் என்பதால் சித்தூர் வரை அலைய வேண்டியதில்லை. அந்த மட்டில் வசதி.

துப்பாக்கி எதற்கு என்று மனுவிலேயே கேட்பார்கள். விளையாட்டுக்கு என்று உண்மையை எழுதிவிடாதீர்கள். எழுதினால் எந்தக் கிளப்பில் உறுப்பினர், எத்தனை வருடப் பயிற்சி என்று கேள்வி நீளும். "உயிருக்கு ஆபத்து" என்று எழுதுங்கள். ஆபத்து இல்லையா? உண்டாக்கிக்கொள்ளுங்கள். பங்காளியின் வரப்பை இரண்டடி தள்ளிப் போட்டால் ஒரு வாரத்தில் ஆபத்து தானாக வாசலில் வந்து நிற்கும். விசாரிக்க வரும் கான்ஸ்டபிளிடம் அக்கம்பக்கத்தார் "இவருக்கு ஆபத்தா? இவராலதான் சார் எங்களுக்கு" என்று சொன்னால் மனம் தளராதீர்கள். ஆபத்து இருப்பது உறுதியாகிவிட்டது அல்லவா.

2016 ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்குச் சான்றிதழ் கேட்கின்றன. சான்றிதழை மட்டும் வாங்குங்கள், பயிற்சியை விட்டுவிடுங்கள். டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய அனுபவம் இங்கே கைகொடுக்கும்.

குறுக்கு வழி ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். குடகில் உண்டு. கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸில் விலக்கு. ஆனால் அது பிறப்பாலும் ஜம்மா என்னும் பரம்பரை நிலத்தாலும் வருவது. இந்த வயதில் இரண்டுக்கும் வழியில்லை.

2. பெயரைப் பார்த்து வாங்குங்கள்

நம் அரசாங்கத் தொழிற்சாலைகள் பேத்திக்குப் பெயர் வைக்கும் தாத்தாவைப் போல ரிவால்வருக்குப் பெயர் வைக்கின்றன. நிர்பீக், நிடர், அன்மோல், பிரபல். முதல் இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: அஞ்சாதது. 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை நிர்பீக்கைக் கொண்டுவந்தபோது பெண்களின் கைப்பைக்கு என்றார்கள். டைட்டானியக் கலவை, சுமார் அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். கைப்பையின் விலை தனி.

நீங்கள் கடையில் இருப்பதிலேயே எடை குறைந்ததை எடுங்கள். குறி பார்த்துச் சுடுகிறவர்கள் கனமான இரும்பைத் தேடுவார்கள். கனம் இருந்தால் வெடிக்கும்போது கை குதிக்காது, நூறு குண்டு சுட்டாலும் மணிக்கட்டு வலிக்காது, உதையைக் கையைவிட இரும்பு அதிகம் வாங்கிக்கொள்ளும். உங்களுக்கு இடுப்பில் சொருகினால் வேட்டி இறங்காமல் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

குழலும் குட்டையாக இருக்கட்டும். 25 மீட்டர் போட்டியில் குழல் 153 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், காகிதத்தில் பத்து மதிப்பெண் வட்டத்துக்குக் குறுக்களவு 5 சென்டிமீட்டர். நம் .32 ரிவால்வர்களில் வழக்கமாகக் குழல் மூன்று அங்குலம், முன்குறி ஒரு மேடு, பின்குறி ஒரு பள்ளம், இரண்டையும் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது. 2023 ஆகஸ்டில் வந்த பிரபலுக்கும் குழல் 76 மில்லிமீட்டர்தான், ஆனால் 50 மீட்டர் போகும் என்று அறிவித்தார்கள். போகும். எதன் மேல் என்பது வேறு விஷயம்.

குறி தப்பினால் தோட்டாவைத் திட்டுங்கள். அதைத் திட்டுவது அநியாயம்தான். .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் 1896-ல் பிறந்த சாது. சென்டர் ஃபயர் போட்டிக்காரர்கள் பலர் இன்றும் விரும்பி எடுப்பது அதையே. 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது அந்தப் பிரிவில்தான். ஆனால் தோட்டா திருப்பிப் பேசாது. திட்டுங்கள். 

3. இல்லாவிட்டால் 'ஃபாரின்' வாங்குங்கள்

1980-களிலேயே வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண ஆள் இறக்குமதி செய்வதற்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கு முன் வந்தவைதான் கை மாறிக் கை மாறிச் சுற்றுகின்றன. அதனால் வெளிநாட்டில் அலமாரி ஓரம் கிடக்கும் பழைய வெப்லி ரிவால்வரை இங்கே கார் விலை சொல்லி விற்கலாம். நீங்கள் வாங்கவும் வாங்குவீர்கள்.

விற்கிறவர் தவறாமல் சொல்வார்: "எங்க தாத்தாவோடது. இருபது ரவுண்டுகூடச் சுட்டதில்லை." அப்படியே நம்புங்கள். காணிப்பாக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது, பிள்ளையார் முன்னால் வந்து சத்தியம் செய்யுங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளையார் விடமாட்டார் என்று இரண்டு மாவட்டத்துக்கும் தெரியும். வியாபாரம் முறிந்துபோகும்.

சோதித்தும் பார்த்துவிடாதீர்கள். சோதிப்பது கெட்ட பழக்கம். என்னவென்று தெரிந்தால்தானே தவிர்க்க முடியும், அதற்காகச் சொல்கிறேன். காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுத்தியை மெல்லப் பின்னால் இழுப்பார்கள். சிலிண்டர் சுழன்று 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். சுத்தி முழுதாகப் பின்னால் போன பிறகும் பூட்டாமல் நின்றால் ஆறு அறையும் குழலுக்கு நேராக வருவதில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டதைச் சுட்டால் ஈயச் சீவல் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் தெறிக்கும். பிறகு டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரை விரலால் அசைப்பார்கள். முன்னும் பின்னும் லொடலொடத்தால் தாத்தா இருபது ரவுண்டோடு நிறுத்தவில்லை. குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். அதில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். மொத்தம் இரண்டு நிமிட வேலை.

நீங்கள் அந்த இரண்டு நிமிடத்தில் பிடியின் மேல் உள்ள தந்த வேலைப்பாட்டைத் தடவிப் பாருங்கள். "வெயிட்டா இருக்குல்ல" என்று சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுங்கள்.

4. வரியைப் பெருமையாகக் கட்டுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். உல்லாசப் படகு, சொந்த விமானம் எல்லாம் அதே வரிசை. இனிப்பு சோடாவும் அதே வரிசைதான், அதை வீட்டில் சொல்ல வேண்டாம்.

5. சினிமா சொன்னபடி கையாளுங்கள்

கிருஷ்ணாவின் 'மோசகாள்ளகு மோசகாடு' 1971-ல் வந்தது, அடுத்த வருடம் நம் ஜெய்சங்கரின் 'கங்கா'. திருப்பதியில் இரண்டு மொழிக்காரர்களும் துப்பாக்கி கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அந்த மாதிரிப் படங்கள்தான். அங்கே கற்றதை விடாதீர்கள். விரலில் சுற்றுங்கள். குண்டைப் போட்டதும் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி சிலிண்டரை 'படக்' என்று மூடுங்கள். சிலிண்டரைத் தாங்கும் மெல்லிய கை ஒன்று உண்டு. இப்படிப் பத்து முறை மூடினால் அது மயிரிழை வளையும், பிறகு ஆறு அறையில் இரண்டு எப்போதும் கோணல். இடது உள்ளங்கையால் மெல்லத் தள்ளி மூடுகிறவர்களின் ரிவால்வருக்கு இந்த வாய்ப்பு அமைவதே இல்லை. மேலிருந்து மடங்கித் திறக்கும் நாட்டு மாடலை வாங்கியவர்களும் ஏமாற வேண்டாம். அதையும் ஒரு கையால் உதறி மூடலாம், கொக்கி தேயும்.

மணிக்கட்டு பிசகினால் புத்தூர் பக்கத்தில்தான். எலும்புக் கட்டுக்கு உலகமே அங்கே வருகிறது, நீங்கள் ஒரு பஸ் ஏறினால் போதும்.

6. சுடுவதற்கு இடம் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

முறைப்படி சுட கிளப் வேண்டும், பின்னால் மண்மேடு உள்ள களம் வேண்டும். சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கிறது. 2021-ல் நடிகர் அஜித்தே அங்கே போக வாடகை வண்டி பிடித்து, டிரைவர் வேப்பேரிப் புதுக் கமிஷனர் ஆபீஸில் கொண்டுபோய் இறக்கியதாகச் செய்தி வந்தது. அவருக்கே அந்த நிலை. தவிர, உங்கள் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆந்திரா மட்டும் என்று இருந்தால் திருத்தணிக்கு இந்தப் பக்கமே உங்கள் வீரம் முடிந்துவிடும். வாங்குவதற்கு முன் இதைப் படித்துப் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

ஆகவே தோப்பு. மாமரத்துக்கு முன்னால் ஒரு பாறை, பாறை மேல் எண்ணெய் டப்பா, டப்பாவுக்குப் பின்னால் பால்காரர் வரும் பாதை. பாறையில் பட்ட ஈயம் எந்தத் திசைக்குத் திரும்பும் என்று அந்த ஈயத்துக்கே தெரியாது. மாமா எட்டாவது முறை சுட்டபோது மோட்டார் ஷெட்டின் ஓடு உடைந்தது. ஷெட் அவருக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்கும் அதைக் குரங்கின் தலையில்தான் போடுகிறார்.

கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதையும் விட்டுவிடாதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் அதற்கென்றே தனிப் பிரிவு எழுதி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று மரியாதை செய்திருக்கிறது. மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு சீர் கிடையாது.

சேஷாசலம் காட்டுக்குள் போய்ச் சுடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார், அதுவும் தமிழில். செம்மரம் நிற்கும் அந்தக் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருபது பேர் செத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டக் கூட்டிவரப்பட்ட கூலிகள். இந்த யோசனைக்கு மட்டும் என்னிடம் படி எதுவும் இல்லை.

7. பக்தியோடு பராமரியுங்கள்

நல்ல ரிவால்வர் சுட்டுத் தேய்வதற்குள் உங்கள் பேரனுக்குக் கல்யாணம் ஆகிவிடும். அதைச் சுட்டு அழிக்க ஆயிரக்கணக்கில் தோட்டா வேண்டும். உங்கள் லைசென்ஸிலோ வருடத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை போட்டிருக்கும், அதிலும் நீங்கள் வாங்குவது ஒரு டப்பா. ஆகவே சுட்டு அழிப்பது என்பது நம் சக்திக்கு அப்பாற்பட்டது. கும்பிட்டுத்தான் அழிக்க முடியும்.

ஆயுத பூஜை அன்று காலையில் பீரோவிலிருந்து எடுங்கள். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் குழலின் இரண்டு பக்கமும் அப்புங்கள். ஈரம் சுத்தி இருக்கும் சந்துக்குள் இறங்கட்டும். அதன் மேல் குங்குமம். விபூதியைக் குழலின் வாயில் ஒரு சிட்டிகை. பொடி உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புக்காகிதத்தின் வேலையைச் செய்யும். கடைசியாக ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி சிலிண்டரின் மேலேயே வையுங்கள். புளிப்பு இரும்பின் கருநீல மெருகை எவ்வளவு சுத்தமாக எடுக்கும் என்பதை மறுநாள் காலை பாருங்கள். மாமாவின் ரிவால்வரில் அரை எலுமிச்சையின் வட்டம் இன்னும் இருக்கிறது, சுளை சுளையாக, எண்ணலாம். அவர் அதை அம்மன் முத்திரை என்கிறார்.

குடகில் கைல்போது பண்டிகைக்குக் கொடவர்களும் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆனால் கும்பிட்ட கையோடு தேங்காயைக் குறி வைத்துச் சுடவும் செய்கிறார்கள். அந்த இரண்டாம் பாதி நமக்கு வேண்டாம்.

பூஜை முடிந்ததும் துடைக்காமல் உறையில் போடுங்கள். உறை ஆம்பூர்த் தோலாக இருப்பது நல்லது. பதனிட்ட தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்து, மழைக்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்கு ஊட்டும். எண்ணெய் போட்டே ஆக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் தேங்காய் எண்ணெய். ஒரு வருடத்தில் பிசினாகி டிரிக்கர் வாழைத்தண்டை ஒடிப்பது போல இழுபடும். தோட்டாக்களைப் பெல்ட்டிலேயே சொருகி வையுங்கள், பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்தால் பார்க்க அழகு.

மலைக்குக் கொண்டுபோய் சாமி காலடியில் வைத்து எடுக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால், அலிபிரி வரை தாராளமாகப் போங்கள். 2003 அக்டோபர் 1 அன்று முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் கார் கண்ணிவெடியில் சிக்கிய இடம் அது. அங்கே சோதனைச் சாவடியில் உங்கள் டிக்கியைத் திறந்து பார்த்ததும் அன்றைய தரிசனம் வேறு வாசலில் நடக்கும்.

8. ஸ்டேஷனில் குடிவையுங்கள்

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்காரர்களைத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-ல் மார்ச் 16 அன்று தேதி அறிவித்தார்கள், ஆந்திராவில் ஓட்டு மே 13, எண்ணிக்கை ஜூன் 4. உயிருக்கு ஆபத்து என்று எழுதி வாங்கிய ஆள், ஊரே கொந்தளிக்கும் அந்த மூன்று மாதமும் வெறுங்கையோடு நடக்க வேண்டும். மாமா நடந்தார். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவருக்கு வருத்தம்.

ஸ்டேஷனில் ஒரு அட்டையில் பெயர் எழுதி, டிரிக்கர் வளையத்தில் சணல் கோத்துக் கட்டி, மற்றதுகளோடு இரும்புப் பெட்டியில் போட்டார்கள். ரசீது கொடுத்தார்கள். ரிவால்வர் வாங்குகிறவர்கள் முதல் நாளே இந்த ரசீதுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி வைப்பது நல்லது. அது தொலைந்தால் ரிவால்வரைவிட அலைச்சல்.

'நாள்பட உழைக்கணும்' என்று கேட்டீர்களே, உழைக்கிற துப்பாக்கி கெட்டும் போகும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் போட்டி நடுவிலேயே பழுதாகி நேரம் போனது, பெண் அழுதுகொண்டு வெளியே வந்தது. மூன்று வருடம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம். அந்த மாதிரி அவமானம் உங்களுக்கு வரவே வராது. இரும்புப் பெட்டியில் எதுவும் பழுதாவதில்லை.

9. ஜாத்திரைக்குப் போகாதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்கிறேன், காரணம் இருக்கிறது. அந்தத் தேர்தல் நடந்த மே மாதம் திருப்பதி தாத்தையகுண்டா கங்கம்மா ஜாத்திரைக்கு மாமாவைக் கூட்டிப் போனேன். ரிவால்வர் ஸ்டேஷனில் இருந்ததால் கை நமநமத்துக்கொண்டிருந்தார். வேஷம் கட்டியவர்கள் வழக்கப்படி கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டிக்கொண்டு போன தெருவின் முனையில் பலூன் சுடும் கடை. பலகையில் வரிசை வரிசையாகப் பலூன், முன்னால் மேஜை மேல் ஒரே ஒரு ஏர்கன். கட்டையில் விரிசல், விரிசலைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். பின்குறி எப்போதோ போய்விட்டது. கடைப் பையன் ஒவ்வொரு முறையும் குழலைத் தொடையில் வைத்து மடக்குவான், சின்ன ஈயத்தை வைப்பான், நிமிர்த்திக் கொடுப்பான். அவன் பேண்ட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

பத்துக்கு மாமா ஒன்று உடைத்தார். அது அவர் குறி வைத்த பலூனுக்கு மேல் வரிசை. பக்கத்தில் ரெட்டைச் சடைப் பெண் ஒன்று ஏழு உடைத்துவிட்டு அப்பாவிடம் ஐஸ் கேட்டது.

"துப்பாக்கி ஒரு பக்கமா இழுக்குதுப்பா" என்றார் மாமா.

"துப்பாக்கி சரியாத்தான் இருக்கு அண்ணா. நீங்க விசையை வெடுக்குனு இழுக்கறீங்க. மெதுவா அமுத்துங்க."

"எத்தனை வருஷமா வெச்சிருக்கே இதை?"

"எங்க அப்பா வாங்கினது. ஒரு ஜாத்திரை விட்டதில்லை."

"தினம் எத்தனை சுடும்?"

பையன் சிரித்தான். "யார் எண்றது? ஈயம் டப்பா டப்பாவா ஆகுது."

"என்ன எண்ணெய் போடுவே?"

"மிஷின் எண்ணெய். தையல் மிஷினுக்கு அம்மா வாங்கறதுதான், ரெண்டு சொட்டு."

மாமா துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூக்கி எடை பார்த்தார், தோளில் வைத்தார், விலைக்குக் கொடுப்பாயா என்று கேட்டார். பையன் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. விலையும் பெரிதில்லை. சட்டைப்பையில் கை விட்டபடி மாமா என் பக்கம் திரும்பி, "இதுக்கு லைசென்ஸ் எங்கே போடணும்?" என்றார்.

4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸே வேண்டாம் மாமா என்றேன்.

"வேண்டாமா? கலெக்டர் கையெழுத்து?"

"எதுவும் வேண்டாம். யார் வேணும்னாலும் வாங்கலாம்."

மாமா கையை வெளியே எடுத்தார். துப்பாக்கியை மேஜை மேல் வைத்துவிட்டு, பசிக்கிறது, வா போகலாம் என்றார்.